மனநலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 52, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு என்கிறார். தூக்கமே இல்லை. டாக்டர் மலையாளத்தில் கேட்க, நான்தான் பதில் சொல்கிறேன். கேஸ் மாத்திரைதான் கிடைக்கிறது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எல்லோரும் செய்வினை என்கிறார்கள்.
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: மனச்சோர்வு பலருக்கு உடம்பு உபாதையாகத்தான் முதலில் தெரியும். நீங்கள் அதை 'கேஸ்' என்று சுருக்கிச் சொன்னால் டாக்டர் அதற்குத்தான் மருந்து எழுதுவார். அம்மா சொல்வதை அப்படியே தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை வேளை சாப்பிடுகிறார், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதையும் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். அப்பா இறந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவையும் இதே தொல்லைகளைத் தரும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் உங்கள் வழியாகப் போகக்கூடாது. 'செத்துப்போகலாம்னு தோணுதா?' என்பதற்கு மகள் முன்னால் எந்தத் தாயும் உள்ளதைச் சொல்லத் தயங்குவார். தமிழ் தெரிந்த நர்ஸோ ஆஷா பணியாளரோ (உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளர்) தனியாகக் கேட்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். மாவட்ட மனநலக் குழு உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறது என்பதையும் ஆஷாவிடம் விசாரியுங்கள்.

கோயிலுக்குப் போகட்டும், கையில் மந்திரித்த கயிறு கட்டிக்கொள்ளட்டும். அதைத் தடுத்துச் சண்டை போட வேண்டாம். பட்டினி போடு, மாத்திரையை நிறுத்து என்று எவராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் குணமில்லை. கோயம்புத்தூரில் வேறு டாக்டரைப் பார்க்கலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் குமட்டலோ பதற்றமோ வரலாம். பெரும்பாலும் தானே தணியும். பதற்றம் கூடிக்கொண்டே போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வேறு டாக்டரிடம் போனால் பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். ஒரே மருந்து பாலக்காட்டில் ஒரு பெயரிலும் கோவையில் வேறு பெயரிலும் கிடைக்கும். தெரியாமல் இரண்டையும் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரும் அச்சிட்டிருக்கும். அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.