எலுமிச்சைப் புழுவும் வெள்ளைக் கூடுகளும்

கேள்வி: எலுமிச்சைக் கன்றின் கொழுந்தைப் புழு தின்கிறது. சோர்ந்து கிடக்கும் ஒரு புழுவைச் சுற்றி அரிசிபோல வெள்ளைக் கூடுகள். மருந்து அடிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். தாய்க்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும்; அதன் இளம்புழுக்கள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியேறிக் கூடு கட்டும். கூடுகள் உள்ள இலையைக் கிள்ள வேண்டாம். பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

மற்ற புழுக்களைக் கையால் பொறுக்குங்கள். சின்னது பறவை எச்சம் போலிருந்து கண்ணை ஏமாற்றும். பெரியது பச்சை, சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவந்த கொம்பு நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது.

பொறுக்கி மாளாவிட்டால் பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) தூளைப் பாக்கெட்டில் உள்ள அளவில், பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், கரைத்து இலையின் இருபுறமும் தெளியுங்கள். மாலையில்தான், வெயிலில் வீரியம் போய்விடும். முற்றிய புழு அதற்கு அவ்வளவாக மசியாது.