அப்பச்சி எங்கே போனார்?

கேள்வி: எங்க அப்பச்சி, அதாவது அம்மாவோட அப்பா, பட்டி போட்டுச் செம்மறி வளர்த்தவருங்க. வருஷம் தவறாம மாகாளியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டுவார். இயேசுங்கற பேரையே கேட்டிருப்பாரான்னு தெரியல. போன மாசம் ஜெபக்கூட்டத்துல ஒரு ஊழியக்காரர், "அவர் இந்நேரம் எரிநரகத்துல வெந்துட்டிருப்பார்"னு எங்கம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாருங்க. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. பைபிள் அப்படித்தான் சொல்லுதுங்களா?
– ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்: முதலில் அம்மாவுக்குச் சோறு போடுங்கள்.

ஊழியக்காரர் எடுத்து வீசிய 'எரிநரகம்' மத்தேயு 5:22-இல் இருக்கிறது. யாருக்கு? சகோதரனை "மூடனே" என்று ஏசுகிறவனுக்கு. மூலத்தில் உள்ள சொல் கெஹன்னா, எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கு. பெற்ற பிள்ளைகளை நெருப்பில் போட்ட இடம் என்கிறார் எரேமியா தீர்க்கதரிசி. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 12 முறை வருகிறது. அதில் 11 இயேசுவின் வாயிலிருந்து வந்தவை. சீஷர்களிடமும், வேதத்தைக் கரைத்துக் குடித்த பரிசேயர்களிடமும் சொன்னவை. காதில் சேதியே விழாத ஆட்டுக்காரரை நோக்கி ஒன்றுகூட இல்லை. புறஜாதியாரிடமே, அதாவது யூதரல்லாதவர்களிடமே, ஊர் ஊராகப் போன பவுலின் நிருபங்களில் இந்தச் சொல்லையே காணோம்.

அதற்காக நியாயத்தீர்ப்பே கிடையாது என்று மழுப்ப மாட்டேன். 'நித்திய ஆக்கினை' மத்தேயு 25-இல் இருக்கிறது, 'இரண்டாம் மரணம்' வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறது. முடிவில்லாத வேதனை என்றே பெரும்பாலான சபைகள் போதிக்கின்றன. இல்லை, அடியோடு அழிந்துபோவதுதான் என்கிறார்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதே மத்தேயு 25-இல் சகல ஜாதியாரையும், அதாவது எல்லா நாட்டு மக்களையும், நிறுத்தி இயேசு கேட்பது என்ன? பசியாயிருந்தேனே, சோறு போட்டாயா? தாகமாயிருந்தேனே, தண்ணீர் கொடுத்தாயா? அப்பச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பேர் மோர் குடித்தார்கள் என்பது ஊழியக்காரருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

இன்னொன்று. யோவான் 3:16-இல் 'கெட்டுப்போகாமல்' என்று படிக்கிறோம். மத்தேயு 10:28-இல் 'அழிக்க' என்று வருகிறது. லூக்கா 15-இல் 'காணாமற்போன ஆடு'. தமிழில்தான் மூன்று சொல். கிரேக்கத்தில் மூன்றும் 'அப்பொல்லுமி' என்ற ஒரே வினை. கெட்டுப்போனது என்று ஊழியக்காரர் கைகழுவுகிற அதே சொல்லைத்தான் லூக்கா, மேய்ப்பன் தேடிக்கொண்டு போன ஆட்டுக்கு வைக்கிறார். பொழுது சாய்ந்து படலைச் சாத்துகிற நேரத்தில் தலையெண்ணி ஒன்று குறைந்தால் அப்பச்சி என்ன செய்வார்? டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளுவை வேலி ஓரமாகக் குரல் கொடுத்துக்கொண்டே போவாரா, தொலைந்தது தொலையட்டும் என்று கயிற்றுக் கட்டிலில் சாய்வாரா?

ஊழியக்காரர் மறுபடி வந்தால் ரோமர் 14:4-ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" வாசித்து முடிக்கிற வரைக்கும் காபி வைக்க வேண்டாம்.