பாபாவின் கதையும் பேத்தியின் நடனமும்

கேள்வி: என் மகளின் வகுப்புத் தோழி உக்ரைனிய வம்சாவளிப் பெண். வாரந்தோறும் உக்ரைனிய நடன வகுப்புக்குத் தவறாமல் செல்கிறாள். ஆனால் அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் உக்ரைனிய மொழி தெரியாது. மொழி போன பிறகு நடனம் மட்டும் ஒரு குடும்பத்தின் நினைவைக் காப்பாற்றிவிடுமா?
– ஒரு வாசகி, எட்மன்டன், கனடா

பதில்: பாதியைக் காப்பாற்றும். மறுபாதி, வீட்டில் சொல்லப்படும் கதைகளிடம் இருக்கிறது.

1891இல், இன்றைய மேற்கு உக்ரைனில் உள்ள கலீசியாப் பகுதியின் நெபிலிவ் கிராமத்திலிருந்து இவான் பிலிப்பிவ், வசில் எலெனியாக் என்ற இருவர் கனடாவுக்கு வந்ததையே உக்ரைனியக் குடியேற்றத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். முதல் உலகப் போர் மூள்வதற்குள் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து ஏறத்தாழ 1,70,000 பேர் வந்துவிட்டார்கள். 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் காட்டு நிலம் கிடைத்தது. தரையைத் தோண்டி, மேலே புல்மண் கட்டிகளை அடுக்கிய குழிவீட்டில்தான் பல குடும்பங்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்தன.

அவர்கள் கொண்டுவந்தவை அவரவர் ஊர் ஆட்டங்கள். இன்று மேடையில் காணும் நடனத்துக்குக் கனடாவில் வித்திட்டவர், 1925இன் இறுதியில் வந்து அடுத்த ஆண்டே டொராண்டோவில் வகுப்புகளைத் தொடங்கிய நடன ஆசிரியர் வசில் அவ்ராமென்கோ. ஆகவே அந்தச் சிறுமி ஆடும் ஹோபக்கை (மத்திய உக்ரைனில் வேர்கொண்ட துள்ளல் நடனம் அது), அவளுடைய முன்னோர் கலீசியாவிலிருந்து வந்தவர்களாக இருந்தால், அங்கே அதே வடிவில் ஆடியிருக்க வாய்ப்பில்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. உங்கள் ஊரிலேயே 1959இல் தோன்றிய ஷும்கா குழு இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது என்றால், பெற்றோர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துச் சென்றதும் அதற்கு ஒரு காரணம்.

வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் செல்லுங்கள். விருந்து முடிந்ததும், சந்தூரைப் போலச் சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் சிம்பாலி ஒலிக்க, கொலொமிய்கா என்ற ஆட்டத்துக்காகப் பெரிய வட்டம் ஒன்று கூடும். ஒருவர் நடுவே பாய்ந்து, குந்தியபடியே கால்களை மாற்றி மாற்றி வீசிவிட்டு விலகுவார். அடுத்து ஒரு சிறுமி சுழன்றபடி வருவாள். மொழி தெரியாத பேரனும் அந்த வட்டத்தில் எப்போது நுழைய வேண்டும் என்பதை அறிந்திருப்பான். எனக்கு மேடையைவிட இந்த வட்டமே பெரிதாகப் படுகிறது.

ஆயினும் கால்களால் சொல்ல முடியாதவை உண்டு. 1914 முதல் 1920 வரை, போரில் எதிரியாக இருந்த ஆஸ்திரியாவின் குடிமக்கள் என்ற காரணத்தைக் காட்டி, கனடா அரசு ஆயிரக்கணக்கான உக்ரைனியரை முகாம்களில் அடைத்தது. அம்முகாம்களின் ஆவணங்களில் பெரும்பகுதி 1950களில் அழிக்கப்பட்டது. பட்டவர்களில் பலர் வெட்கத்தாலும் அச்சத்தாலும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் ஒரு பாபா (பாட்டியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்) சமையலறையில் பிரோஹி என்ற, கொழுக்கட்டை போன்ற பண்டத்தைப் பிடித்துக்கொண்டே, தன் தந்தை ஏன் அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசவே மாட்டார் என்று சொல்லும் இரண்டு வாக்கியங்கள்கூட விலைமதிப்பற்றவை ஆகின்றன.

அந்தச் சிறுமியிடம் சொல்லுங்கள்: பாபா இருக்கும்போதே, ஆங்கிலத்தில் பேசினாலும் சரி, பதிவு செய்துகொள்ளட்டும். முன்னோரின் கிராமப் பெயரை அவர் உச்சரிக்கும் விதமாகவே பதியட்டும். பழைய புகைப்படங்களின் பின்புறம், அதில் இருப்பவர்களின் பெயர்களை அவர் வாயால் கேட்டுப் பென்சிலால் எழுதிவைக்கட்டும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் உக்ரைனிய நாட்டாரியல் ஆவணக் காப்பகம் உங்கள் எட்மன்டனிலேயே இருக்கிறது. பதிவு முடிந்ததும் பிரதி ஒன்றை அங்கே ஒப்படைக்க முடியுமா என்று குடும்பத்தார் கேட்டுப் பார்க்கலாம்.