எல்.இ.டி. பல்பு ஏன் சீக்கிரம் போகிறது? – கடிதமும் பதிலும்

ஐயா,

நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்தவர்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சேலம் அம்மாபேட்டையில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்ட 9 வாட் பல்பு ஆறு மாதம்கூட நிற்பதில்லை. சில நாள் மூன்று, நான்கு ஒன்றாகப் போகின்றன. குறை கண்டுபிடிப்பிலா, கடைக்காரரிடமா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது நீல எல்.இ.டி.க்காக. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தை ஒழுங்காக வளர்ப்பதுதான் அவர்கள் பட்ட பாடு. நீல ஒளி தரும் அந்தச் சின்னப் படிகத் துண்டின் (சில்லு) மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசினால் வெள்ளை வெளிச்சம். அதில் குறையில்லை. சூடுதான் பிரச்சினை.

குண்டு பல்பின் சூட்டில் பெரும்பகுதி வெளிச்சத்தோடு கதிராக வெளியேறிவிடும். எல்.இ.டி.யில் பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் சில்லிலேயே சூடாகி, அடியிலுள்ள அலுமினியத் தகடு வழியாகத்தான் இறங்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரை, பல்பின் உடம்பில் தறிப் பஞ்சு: சூடு எங்கே போகும்? உள்ளே மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. வாரம் ஒரு முறை, சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடிய கூண்டுக்குள் போடாதீர்கள்.

மலிவு பல்புகளில் டிரைவர் (எல்.இ.டி.க்கு வேண்டிய கரண்டை அளந்து கொடுக்கும் சர்க்யூட்) தனியாக இருக்காது, எல்.இ.டி. பலகையிலேயே ஒரு சின்ன ஐ.சி. அந்த வேலையைச் செய்து, மிச்ச வோல்டேஜைச் சூடாக்கி எரித்துவிடும். உதாரணமாக, உள்ளே ஏ.சி.யை மாற்றிக் கிடைப்பது 300 வோல்ட் டி.சி., எல்.இ.டி. வரிசைக்கு 250, கரண்ட் 30 மில்லி ஆம்பியர் என்றால் ஐ.சி.யில் 1.5 வாட் சூடு. டி.சி. 350 ஆனால் அது 3 வாட். சப்ளை ஆறில் ஒரு பங்கு ஏறினால் சூடு இரண்டு மடங்கு. எல்.இ.டி.கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் பல்பு முழுக்க இருட்டு.

மூன்று, நான்கு ஒன்றாகப் போவது வேறு கதை. எனக்கு நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான வயர்) மேல்தான் சந்தேகம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தால் லோடு குறைந்த ஃபேஸில் வழக்கமான 230 வோல்ட் ஏறி 300-ஐக்கூடத் தாண்டலாம். விளக்கும் மின்விசிறியும் போட்டு, பிறகு ஒவ்வொரு ஃபேஸிலும் ஓடுகிற விளக்கு, விசிறியை மாற்றி மாற்றி அணைத்து, மூன்று ஃபேஸின் வோல்டேஜையும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள். ஒன்று 270, இன்னொன்று 190 என்று ஆடினால் அதேதான். எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்கள் சேரும் நியூட்ரல் லிங்கின் திருகைப் பார்க்கச் சொல்லுங்கள். வயர் முனை கறுத்திருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் (வயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டு) அடிக்க வேண்டும், வெறுமனே முறுக்கினால் போதாது. மீட்டருக்கு முன்னால் கோளாறு என்றால் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குவது இதற்கு மருந்தல்ல.

நியூட்ரல் சரியானதும், விளக்கு லைனில் ஃபியூஸுக்குப் பின்னால் 300 வோல்ட் ஏ.சி. மதிப்புள்ள 14 மி.மீ. எம்.ஓ.வி. (திடீர் வோல்டேஜ் துள்ளலை உறிஞ்சும் சின்ன வில்லை) ஒன்று போட்டால் மோட்டார் அணையும்போது வரும் துள்ளல் அடங்கும்.

புது பல்பு வாங்கும்போது அதன் கீழே பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அது நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. சுற்றும் சக்கரம் நிற்பதுபோல் காட்டிவிடும். அந்தப் பல்பு தறிக்கு மேல் வேண்டாம், படிக்கட்டுக்குப் போதும்.