தனிக்குடித்தனச் சந்தேகங்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

சென்னையில் புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களிடமிருந்துதான் இந்த முறை அதிகக் கடிதங்கள். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர் இருக்கும் பகுதியை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கல்யாணமாகி நாலு மாதம். மூன்று மாடிக் கட்டடத்தில் மேல் மாடி வீடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. போர் தண்ணீர்தான். கடைக்காரர் 8 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் எடுங்கள் என்கிறார். எடுக்கலாமா? (வேளச்சேரி)

பதில்: வேண்டாம். உங்கள் வீட்டுக்கு டாப் லோடுதான் சரி. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டிக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவில் இரண்டு, மூன்று மீட்டர்தான் இருக்கும். 0.3 பார் தேறினாலே பெரிது. ஃப்ரண்ட் லோடு மாடல்கள் பலவும் இதைவிட அதிகம் கேட்கும். அழுத்தம் போதாவிட்டால் குறித்த நேரத்தில் தண்ணீர் நிரம்பாது, மெஷின் எரர் காட்டி நிற்கும். சர்வீஸ் ஆள் வந்து "மெஷினில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டுக் குழாயில்தான்" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். டாப் லோடிலும் குறைந்த அழுத்தத்தில் நிரம்பும் மாடலா என்று கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, கையேட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு 8 கிலோ தேவையில்லை, 6.5 அல்லது 7 போதும். அந்தக் கிலோ காய்ந்த துணியின் எடை. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் துணியைத் திணித்தால் துணி புரளாது, அழுக்கும் போகாது.

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் மாதம் ஒருமுறை ஒரு வேலை இருக்கிறது. குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்னால் தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் ஹோஸைக் கழற்றினால் உள்ளே சின்ன வலை ஒன்று தெரியும். குறடால் மெல்ல இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். "தண்ணீர் மெதுவாக ஏறுகிறது" என்று வரும் புகார்களில் நிறைய இந்த வலை அடைப்புதான்.

கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ இருப்பவர்கள் மெஷின் வைக்கும் இடத்துக் குழாயைத் திறந்து வாளி வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு எட்டுப் பத்து லிட்டர் வந்தால் ஃப்ரண்ட் லோடு தாராளமாக எடுக்கலாம். தண்ணீரும் குறைவாகத்தான் செலவாகும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். ஹீட்டர் உள்ளதால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பெட்டியிலிருந்து இறக்கும்போது பின்பக்கம் கழற்றும் டிரான்சிட் போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வீட்டுக்கு மாறும்போது அவற்றைப் பூட்டாமல் வண்டியில் ஏற்றினால் டிரம்மைத் தாங்கும் பாகங்கள் கெட்டுப்போகும்.

கேள்வி: இரண்டு பேர்தான். வெட் கிரைண்டர் அவசியமா? (திருவொற்றியூர்)

பதில்: வாரம் தவறாமல் மாவு அரைப்பீர்கள் என்றால் 2 லிட்டர் டேபிள் டாப். இல்லையென்றால் தெருமுனை மாவுக்கடை போதும்.

கேள்வி: ஃபிரிட்ஜ் விலை 40,000. எட்டு மாதத் தவணை, அதில் இரண்டு தவணை முன்பணம், வட்டி பூஜ்யம் என்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது. ஆனாலும் "வட்டியே இல்லாதபோது எதற்கு மொத்தமாகக் கொடுக்கணும்" என்கிறார் கணவர். (மடிப்பாக்கம்)

பதில்: வட்டி இருக்கிறது. அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் கடைப் பலகைகளில் அந்தச் சொல் இன்னும் தொங்குகிறது. எனக்கு இதில் உள்ள கோபம் குறையவே இல்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மொத்தப் பணமும் இப்போதே கொடுத்தால் கடைசி விலை என்ன?" 38,000 என்று இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் போனால் மாதம் 5,000. அதில் இரண்டு தவணை, அதாவது 10,000, அன்றைக்கே கட்டிவிடுகிறீர்கள். 38,000 ரூபாய்ப் பொருளுக்கு 10,000 கொடுத்துவிட்டால் உண்மையில் நீங்கள் வாங்கும் கடன் 28,000. பிராசஸிங் கட்டணம் 500, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 590 கையை விட்டுப் போகிறது. கைக்கு வந்த கடன் 27,410 ஆகிறது. திருப்பிக் கட்டுவது ஆறு மாதத்தில் 30,000. வித்தியாசம் 2,590. "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் கடன் மாதாமாதம் 5,000 ஆகக் குறைந்துகொண்டே வருகிறது, முழுத் தொகையும் ஆறு மாதம் உங்களிடம் இருப்பதில்லை. அதைக் கணக்கில் எடுத்தால் வட்டி மாதத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல், வருடத்துக்கு 31 சதவீதத்தைத் தாண்டுகிறது. நகைக்கடன்கூட இதைவிட மலிவு.

கிரெடிட் கார்டில் வரும் "செலவில்லாத் தவணை" வேறு வகை. வங்கி வட்டி போடும், கடை அதே அளவு தள்ளுபடி கொடுக்கும். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான். தள்ளுபடிக்குப் பிறகு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கட்டணங்கள் திரும்ப வருமா என்பதையும் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: காப்பீடு என்ற பெயரில் ஏதாவது டிக் அடித்திருக்கிறதா, உறுப்பினர் அட்டைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, நீட்டிப்பு வாரண்டி சேர்ந்திருக்கிறதா. மூன்றும் கேட்காமலே சேர்க்கப்படும். நீட்டிப்பு வாரண்டியை வாங்குவதானால் எது அதில் வராது என்ற பட்டியலை முதலில் படியுங்கள். என் வீட்டு மிக்ஸிக்குக் கட்டிய வாரண்டியில் ஜார் பிளேடும் கப்ளரும் சேராது. மிக்ஸியில் தேய்வதே அந்த இரண்டும்தான். ஃபிரிட்ஜில் கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று ஏற்கனவே இருந்தால், கேஸ் நிரப்பும் செலவும் ஆள் கூலியும் அதில் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

உங்களிடம் பணம் இருக்கிறது. 38,000 கொடுத்து வாங்குங்கள். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: தலைதீபாவளிக்கு மனைவிக்கு இரண்டு பவுன் சங்கிலி வாங்கினேன். பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்று எஸ்டிமேட் சீட்டிலேயே கொடுத்தார்கள். இப்போது வேறு கடையில் உரசிப் பார்த்து 20 காரட்தான் என்கிறார்கள். என்ன செய்வது? (தாம்பரம்)

பதில்: தங்கத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். அதை மிச்சம் பிடிக்க பில்லை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 20 காரட் என்றால் 83.3. அவர்கள் சொல்வது சரியானால் மதிப்பில் 9 சதவீதம் போய்விட்டது. எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. கடைக்காரர் "இது எங்கள் சீட்டே இல்லை" என்றால் மறுத்துப் பேச உங்களிடம் எதுவும் இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை.

இனி செய்ய வேண்டியது: சங்கிலியின் கொக்கிப் பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22K916 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (அந்த நகைக்கு மட்டுமே உரிய அடையாளக் குறி) மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கக் குறி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை பதிவு செய்தது, என்ன வகை நகை, என்ன தரம் என்று வரும். எண் இருந்து, நகையும் விவரமும் பொருந்தினால் உங்களுக்கு இன்னும் வழி உண்டு. உரசல் முடிவை நம்ப வேண்டாம், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். தரம் குறைவு என்று உறுதியானால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்க பி.ஐ.எஸ். விதிகளில் இடம் உண்டு. பணம் யு.பி.ஐ. மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் இப்போது உங்கள் பில். எண்ணே இல்லை என்றால் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: வாடகை 18,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார் ஓனர். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பாராம். கரண்ட் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். 11 மாத அக்ரிமென்ட்டைப் பதிய வேண்டாம் என்றும் சொல்கிறார். (துரைப்பாக்கம்)

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். ஆனால் "வேறு உடன்பாடு இல்லாதபோது" என்ற வரி அதில் இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். 54,000 ரூபாயில் ஆரம்பியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 11 மாதம் என்றால் பதிய வேண்டாம் என்பது பழைய பழக்கம். இப்போது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

பெயின்ட்டுக்குப் பிடிப்பதானால் எத்தனை வருடம் குடியிருந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், கதவு, கழிவறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கரண்டுக்கு உங்கள் வீட்டுக்கென்று தனி சர்வீஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பில்லை நேராக நீங்களே கட்டலாம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உங்களுக்கே. ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டர் மட்டும் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. ஏ.சி. போடுபவர்கள் கவனிக்க: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் குறைந்த விலையும் போய்விடும்.

கேள்வி: வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. பயமாக இருக்கிறது. (பள்ளிக்கரணை)

பதில்: பயப்படாதீர்கள். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக வரும். நிறம் கம்பியினுடையது, தண்ணீரின் அழுக்கு இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் அதிகம் பாயாது. அடுத்த முறை அவர்களின் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் நிறம் மாறும். ஆர்.ஓ. வேண்டுமா என்பதை டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு சொல்லும்: லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், வேறு மாசு இல்லாதவரை, யு.வி. வடிகட்டி போதும்.

கேள்வி: புது கேஸ் கனெக்‌ஷனுக்கு ஏஜென்சியில் அடுப்பும் சேர்த்துத்தான் வாங்கணும் என்கிறார்கள். (கொளத்தூர்)

பதில்: கட்டாயமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை அடுப்பை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள், 1800 2333 555 எண்ணில் புகார் சொல்லுங்கள். ரப்பர் டியூபில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் மேல் அச்சிட்ட காலக்கெடு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் ஏ.சி. வாங்கினோம். கம்பெனி ஆள் என்று வந்தவர் பைப், ஸ்டாண்ட் என்று 6,800 வாங்கினார், பில் தரவில்லை. இரண்டு மாதத்தில் கூலிங் போய்விட்டது. கேஸ் லீக், அங்கீகாரமில்லாத ஆள் மாட்டியது, வாரண்டி கிடையாது என்கிறது கம்பெனி. இருவரும் வேலைக்குப் போகிறோம், ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுக் காத்திருக்கிறோம். (அம்பத்தூர்)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. ஆளை அனுப்பியது யார் என்பதுதான் இங்கே முக்கியம். ஆர்டர் பக்கத்தில் "இன்ஸ்டலேஷன்" முன்பதிவு, வந்த குறுஞ்செய்தி, அவர் அழைத்த எண், 6,800 ரூபாய் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்ற தளத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் புகார் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். விற்ற தளம், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 6,800 ரூபாயையும் லீவு போட்டதால் இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதற்கிடையில் யாராவது "கேஸ் ஏத்தினால் சரியாகிவிடும்" என்று வந்தால் விடாதீர்கள். லீக்கை அடைக்காமல் ஏற்றும் கேஸ் மறுபடி போய்விடும். வழக்கமாக லீக் ஆவது பைப்பின் முனையை விரித்து நட் போட்டு இறுக்கும் நான்கு இடங்களில்: உள் யூனிட்டில் இரண்டு, வெளி யூனிட்டில் இரண்டு. அங்கே சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் வைத்து 15, 20 நிமிடம் பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பம்ப் கொண்டு வராமல் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுபவரை வேலை செய்ய விடாதீர்கள், உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரைக் கெடுக்கும். எவ்வளவு கேஸ் என்பது வெளி யூனிட்டின் லேபிளில் எடையாக அச்சிட்டிருக்கும். தராசு வைத்து அந்த அளவு ஏற்றி, அதை பில்லில் எழுதித் தந்த பிறகு பணம் கொடுங்கள்.