528 வாக்கில் தப்பிய தொகுதி: இல்ஃபோர்ட் நார்த்தில் பெயரைப் பதியலாமா?

கேள்வி: இந்தியக் குடியுரிமையுடன், வேலை விசாவில் வந்து, கிழக்கு லண்டனின் பார்க்கிங்சைடு பகுதியில் குடியேறியிருக்கிறேன். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியான இல்ஃபோர்ட் நார்த் தொழிற்கட்சியின் கோட்டை, பெயரைப் பதிந்தும் பயனில்லை என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு வாக்குரிமை உண்டா? பதிவதால் பயன் உண்டா?

பதில்: வாக்குரிமை உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். அதற்குப் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருக்க வேண்டியதில்லை.

'கோட்டை' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1945இல் தொழிற்கட்சி வென்ற இந்தத் தொகுதியை 1950இல் கன்சர்வேட்டிவ் கட்சி பறித்துக்கொண்டது. 1974 பிப்ரவரியில் அக்கட்சியின் டாம் ஐயர்மாங்கர் 285 வாக்கில் தப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்கட்சியின் மில்லி மில்லரிடம் 778 வாக்கில் தோற்றார். மில்லரின் மறைவுக்குப் பின் 1978இல் நடந்த இடைத்தேர்தலில் தொகுதி மறுபடியும் கைமாறியது. அன்று தோற்ற தொழிற்கட்சி வேட்பாளர்தான், பின்னாளில் அமைச்சராகி 2012 ஒலிம்பிக்கை லண்டனுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட டெசா ஜோவல். 1997இல் தொழிற்கட்சி, 2005இல் கன்சர்வேட்டிவ் என்று பிறகும் கைமாறியபடியே இருந்தது.

2015இல் நாட்டளவில் தோற்ற தொழிற்கட்சி, இங்கே எதிர்நீச்சல் போட்டது: வெஸ் ஸ்ட்ரீட்டிங் 589 வாக்கில் வென்றார். 2017இல் அவருடைய முன்னிலை 9,639 ஆக உயர்ந்தது, 2019இல் 5,218 ஆகக் குறைந்தது. உங்கள் வீட்டுக்காரர் இந்த இரண்டு தேர்தல்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

2024இல் தொழிற்கட்சி 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தபோது, ஸ்ட்ரீட்டிங் பெற்றவை 15,647 வாக்குகள். காஸா போரை முன்வைத்துச் சுயேச்சையாக நின்ற லியான் முகமது பெற்றவை 15,119. வித்தியாசம் 528. முதலாமவருக்கு வாக்களித்தவர்களில் 264 பேர் இரண்டாமவருக்கு மாறியிருந்தால் இருவருக்கும் தலா 15,383 வாக்குகள் என்று சமநிலை வந்திருக்கும். இன்னும் ஒரே ஒருவர் மாறியிருந்தால், பிறகு சுகாதார அமைச்சரான ஒருவர் நாடாளுமன்றத்துக்கே போயிருக்க மாட்டார். ஒரு தொகுதி கோட்டையா என்று அறிய விரும்புபவர், வென்ற கட்சியின் பெயரைவிட, வாக்கு வித்தியாசத்தையும் இரண்டாம் இடத்தில் நின்றவர் யார் என்பதையும்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே ஆபத்து பழைய எதிரியிடமிருந்து வரவில்லை என்பதே என் கண்ணுக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே இன்றே பதிந்துகொள்ளுங்கள். அரசின் இணையதளத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேசியக் காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும் என்பதால், தேர்தல் அறிவிக்கப்படட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். உங்கள் இந்தியக் கடவுச்சீட்டே போதும். வாடகை வீடு மாறினால் புது முகவரியில் மறுபடியும் பதிய வேண்டும், ஏனெனில் பதிவு உங்களோடு தானாக இடம் மாறாது.