அப்பா பேசி அனுப்பிய கேசட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 1979 முதல் 1990 வரை குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். கடிதம் போடுவதோடு, ஊருக்கு வருபவர்கள் கையில் கேசட்டில் பேசியும் கொடுத்தனுப்புவார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை நுழைந்த பிறகு, அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானத்தில் ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்தார். நாங்கள் பேசி அனுப்பிய கேசட்டுகளெல்லாம் அங்கேயே போய்விட்டன. அவர் அனுப்பிய 11 கேசட்டுகளும், ஒரு கட்டு ஏரோகிராமும் (மடித்து ஒட்டும் விமானத் தபால் கடிதம்), ஒட்டு ஆல்பம் ஒன்றும் பரணில் இருக்கின்றன.

போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். தலைத்திவசத்துக்கு நினைவு மலர் போடலாம் என்கிறான் தம்பி. டவுனில் ஒரு ஸ்டூடியோவில், எல்லாவற்றையும் இரைச்சல் நீக்கிப் பென்டிரைவில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது. "அதைப் போடாதே, என்னால கேக்க முடியாது" என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

— ச., அறந்தாங்கி

அன்புள்ள ச.,

கேசட்டிலிருந்து தொடங்குங்கள். ஏரோகிராம் தாள் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். வண்ணப்படம் மங்கினாலும் முகம் தெரியும். கேசட்டின் கதை வேறு. நாடா நன்றாகவே இருந்தாலும், அதை ஓட்ட ஒழுங்கான பிளேயரும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டே போகிறது. மலர் கடைசி வேலையாக இருக்கட்டும்.

கேசட்டில் நாடா வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பைப் பாருங்கள். இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அதன்பின் பதியாது. முன்பே உடைத்து, மேலே செலோடேப் ஒட்டியிருந்தால் அதைப் பிரித்து எடுங்கள். வேறெதைச் செய்வதற்கும் முன்னால் இது நடக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடாவின் ஓரத்தில் வெண்பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைப் பிளேயரில் போட்டால் பூஞ்சை பிளேயருக்கும், அதன் வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனி டப்பாவில் வைத்து, தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியது அது. நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில், மெல்லிய செம்புத் தகட்டில் பஞ்சுத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு, அதாவது பிளேயரில் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் உறுப்போடு, அழுத்திப் பிடிப்பது அதுதான். நாற்பது வருஷத்தில் பசை விட்டு, பஞ்சு உதிர்ந்துவிடும். அப்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும், நடுநடுவே காணாமல் போகும். நாடா செத்துவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுவது இந்த நிலையில்தான். நாடாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு சக்கரங்களையும் அப்படியே எடுத்து, ஐந்து திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்குள் மாற்றினால் போதும். பழைய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றில் முதலில் கை பழகிக்கொள்ளுங்கள். நாடா அறுந்திருந்தால் செலோடேப் வேண்டாம், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்பை வாங்கி, ஹெட்டில் படாத பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். பரணில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பிளேயருக்கு வருவோம். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான யூஎஸ்பி கேசட் பிளேயரை வாங்காதீர்கள். அதன் மோட்டார் சீராக ஓடாது. அப்பா குரல் நடுங்கும், அந்த நடுக்கத்தைப் பிறகு எளிதில் எடுக்கவும் முடியாது. பழைய டேப் டெக்கோ, லைன் அவுட் (ஒலியை வேறு கருவிக்கு அனுப்பும் துளை) உள்ள நல்ல டூ-இன்-ஒன்னோ (ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது) தேடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள், அது கட்டாயம் தொய்ந்திருக்கும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டாத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும். கேசட்டைப் போட்டதும் நேரே பாட விடாமல், ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த நாடாவின் இறுக்கம் அதில் தளரும். கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெரும்பாலோர் செய்யாமல் விடுகிற காரியம் ஒன்று உண்டு. ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும், ஹெட்டின் சாய்வைத் திருத்துவதற்கு. அப்பா பதிந்த மெஷினின் ஹெட்டும் உங்கள் மெஷினின் ஹெட்டும் ஒரே சாய்வில் இருக்காது. அதனால்தான் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகக் கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேச்சு ஓடும்போதே அந்தத் திருகாணியை அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புங்கள். "சரி", "காசு" போன்ற சொற்களில் சகரம் கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டும். சில நிமிஷ வேலை. இதில் கிடைக்கும் தெளிவை எந்த மென்பொருளாலும் தர முடியாது.

லேப்டாப்பில் பெரும்பாலும் மைக் துளைதான் இருக்கும், அது இதற்கு ஆகாது. லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை. பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று அமையுங்கள். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 60 நிமிஷக் கேசட் ஒன்று ஏறக்குறைய 1 ஜிபி வரும். பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் பதியுங்கள். பேச்சு முடிந்து சினிமாப் பாட்டு வந்தாலும், வெறும் இரைச்சல் வந்தாலும், கடைசிவரை விடுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டின் மேலேயே தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவது வளைகுடாவில் இருந்தவர்களிடம் சாதாரணமாக நடந்த காரியம். கேசட்டுக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம் என்று. ரெக்கார்டர், பதியும்போது மட்டும்தான் பழையதை அழிக்கும். அவர் 20 நிமிஷம் பேசி நிறுத்தியிருந்தால், 21ஆம் நிமிஷத்திலிருந்து அதற்கு முன்னால் இருந்த குரல் அப்படியே இருக்கும். உங்கள் கேசட்டுகள் குவைத்தோடு போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுப்பிய கேசட்டுகளின் கடைசியில், சிறு பிள்ளையாக நீங்களும் தம்பியும் பேசியதும், தாத்தா பாட்டி பேசியதும் மிஞ்சியிருக்க இடமுண்டு. ஒரு பக்கத்தையும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரைச்சல் நீக்கம் பற்றி. அந்தக் காலத்து டூ-இன்-ஒன்னில் சத்த அளவை மெஷினே ஏற்றி இறக்கும். பேசுகிறவர் பேச்சை நிறுத்தினால், உடனே அறையின் சத்தத்தை மேலே தூக்கிவிடும். அப்பா "அப்புறம்..." என்று யோசிக்கும் இடைவெளியில் ஏசியின் உறுமல் எழும், பக்கத்துக் கட்டில்காரர் இருமுவது கேட்கும், அவர் மறுபடி பேசத் தொடங்கியதும் எல்லாம் அடங்கும். அவர் பதினொரு வருஷம் வாழ்ந்த அறை அது. ஸ்டூடியோவில் முதலில் துடைத்தெறிவது இதைத்தான், அதோடு அவர் மூச்சு வாங்குவதும் சேர்ந்து போய்விடும். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவில் யாரும் கை வைக்கக் கூடாது.

குரல் கீச்சென்று வேகமாக ஒலித்தால், பதியும்போது அவர் மெஷினில் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்திருக்கலாம். மின்சாரத்தில் ஓட்டிப் பதிந்த கேசட்டில் வேகம் பிசகியிருந்தால், அதைத் திருத்த நல்ல வழி இருக்கிறது. குவைத் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் பதிவுக்குள் மெல்லியதாக இருக்கும். ஆடாசிட்டியின் அலைவரிசை வரைபடத்தில் அந்த மேடு 53இல் தெரிந்தால், வேகத்தை 53இலிருந்து 50க்கு, அதாவது 0.943 மடங்காகக் குறையுங்கள். குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். (சவுதியில் பதிந்ததாக இருந்தால் 60ஐக் கணக்கில் கொள்ள வேண்டும்.) நாடாவை நிறுத்திய பிறகும் ரீங்காரம் கேட்டால் அது உங்கள் வீட்டு வயரிங்கினுடையது. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இவ்வளவையும் ஸ்டூடியோவிடம் விடலாமா? விடலாம், ஆனால் நான் விட மாட்டேன். இந்தக் கேசட்டுகளில் அம்மாவுக்கென்று மட்டும் பேசிய பகுதிகள் இருக்கும். அந்தக் காலத்தில் குவைத்திலிருந்து மனைவியிடம் மனம்விட்டுப் பேச வேறு வழி இல்லை. அம்மா கேட்க மறுப்பதை வெறும் துக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் இதுவும் இருக்கலாம். ஆகவே முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள்: "போட்டுக் காட்ட மாட்டேம்மா, கெட்டுப் போறதுக்கு முன்னாடி பிரதி மட்டும் எடுத்து வெச்சுக்கிறேன்." பதியும்போது ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். அவரிடம் தனியாகப் பேசும் இடம் வந்தால், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அளவுமானியை மட்டும் பாருங்கள். அந்தப் பகுதிகளைத் தனிக் கோப்பாக வெட்டி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸாப் குரூப்புக்கோ மலருக்கோ அவை போகக் கூடாது.

அம்மாவிடம் கேட்க வேண்டியது ஆல்பத்தில் இருக்கிறது. ஒட்டு ஆல்பத்தின் பசை காலப்போக்கில் படத்தைத் தின்னும். பிய்த்து எடுத்தால் கிழியும். பக்கத்தை அப்படியே ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பல் இடுக்கு நூலைப் படத்தின் பின்னால் நுழைத்து, ரம்பம்போல மெல்ல இழுங்கள். வராத படத்தை விட்டுவிடுங்கள், ஆல்பத்தில் இருந்தபடியே அதன் ஸ்கேன் போதும். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. எண்பதுகளின் படங்கள் சிவந்து கிடப்பது, மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் மங்குவதால். நிறத்தைப் பிரதியில் திருத்திக்கொள்ளலாம். செயலியில் போட்டு முகத்தைப் 'புதுப்பிக்க' வேண்டாம். அது உங்கள் அப்பாவின் மூக்கை எடுத்துவிட்டு வேறு மூக்கை வைக்கும்.

ஸ்கேன் செய்த படங்களைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டுங்கள். "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க" என்றால் எவருக்கும் பேச்சு வராது. "அப்பாவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறது யாரு?", "இந்த வாட்ச் அப்புறம் யாருக்குப் போச்சு?" என்று கேளுங்கள். ஃபேனை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் மடித்த துண்டின் மேல் ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதியுங்கள். அரை மணி நேரம் போதும், மறுநாள் தொடரலாம். பெயர்களைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். பள்ளம் முன்பக்கம் தெரியும், மை அடுத்த படத்தில் ஒட்டும். படத்தைத் தாள் உறையில் போட்டு, உறையின் மேல் எழுதுங்கள்.

ஏரோகிராம்களுக்கு அதிக வேலை இல்லை. லேமினேஷன் மட்டும் கூடவே கூடாது. அதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. முகவரிப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து, தபால் முத்திரைத் தேதிப்படி அடுக்குங்கள். கேசட்டில் தேதி சொல்லியிருக்க மாட்டார். "வீட்டுக்குக் கூரை போட்டாச்சா" என்று அவர் கேட்கிற கேசட்டையும் அதே கேள்வி வரும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தால் மாதம் தெரிந்துவிடும்.

இனி மலர். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்குக் 'கல்வெட்டு' என்று நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. வம்சாவளி, ஊர் வரலாறு எல்லாம் அதில் வரும். 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் அவற்றைச் சேகரித்து மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து புரட்டிப் பாருங்கள். இரங்கற்பாக்கள் ஒன்றுபோலவே இருக்கும். அந்த மனிதர் என்ன வேலை செய்தார், எந்தத் தெருவில் இருந்தார், யாருக்கு யார் என்ன உறவு என்ற பக்கங்கள்தான் இன்றும் படிக்க வைக்கின்றன. உங்கள் மலருக்கு ஒரு கேசட்டை முழுதாக எழுத்தில் பெயர்த்துப் போடுங்கள். "வந்துச்சு" என்றால் "வந்துச்சு"தான், "வந்தது" என்று திருத்தாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும், அதற்கேற்ப நாள் ஒதுக்குங்கள். குரலுக்குக் கியூஆர் கோடு போடலாம், ஆனால் இணைப்பு செத்தால் அது வெறும் கட்டம். கோப்பு வேறிடத்திலும் இருக்க வேண்டும்.

பிரதிகள் மூன்று: உங்களிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், தம்பி வீட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று. பென்டிரைவ் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும், மணிக்கு 60 எம்பிக்குள் அடங்கும். படங்களை வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாகுமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். கேசட்டுகளை நாடா ஒரே பக்கம் சேருமாறு சுற்றி, நெட்டுக்குத்தாக நிறுத்தி, பீரோவில் வையுங்கள். தளத்துச் சூட்டில் வேகும் பரண் வேண்டாம்.

மலர் தைக்குள் முடியாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிளேயர் தேடுவதை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்.